திருச்சி விமான நிலையம்: கட்டடம் வளர்ந்துவிட்டது, ஓடுபாதை இன்னும் வளரவில்லை

தஞ்சாவூர், புதுக்கோட்டை, பெரம்பலூர், காரைக்குடிப் பக்கம் இருக்கிறவர்கள் சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு போவதற்குச் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. திருச்சியே போதும். துபாய், ஷார்ஜா, தோஹா, மஸ்கட் போகிறவர்களும் திருச்சியில் ஏறலாம், ஆனால் எந்த நிறுவனம், எந்தக் கிழமை என்று பார்த்துத்தான் டிக்கெட் போட வேண்டும். லண்டன், டொரண்டோ போகிறவர்களுக்கு இங்கிருந்து நேர் விமானம் கிடையாது. கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் வழியாக மாறிப் போகலாம், அல்லது சென்னைக்குப் போக வேண்டும்.

இப்படி மூன்று விதமாகப் பதில் சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம் இந்த நிலையத்தின் வரலாறுதான். இதன் முனையக் கட்டடம் 2024இல் திறந்தது. ஓடுபாதையின் நீளம் 2,480 மீட்டரில் நிற்கிறது. எந்த நாட்டு விமான நிறுவனம் இங்கே இறங்கலாம் என்பதோ நாடுகளுக்கு இடையேயான பழைய ஒப்பந்தங்களைப் பொறுத்தது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருக்கும் வரை, பயணிக்குக் கிடைக்கும் சேவையும் ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கும்.

எப்படி வளர்ந்தது

திருச்சிக்கு விமானம் வந்ததே இலங்கையை முன்னிட்டுத்தான். 1938இல் டாடா நிறுவனத்தின் தபால் விமான சேவை சென்னை, திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டது. சின்ன விமானங்கள் அடிக்கடி இறங்கி எரிபொருள் போட வேண்டிய காலம் அது. சென்னைக்கும் கொழும்புக்கும் இடையே, சமதரையில், ரயில் சந்திப்புக்குப் பக்கத்தில் இருந்த திருச்சி அதற்குத் தோதான ஊர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை இந்தத் தளத்தைப் பயன்படுத்தியது. சுற்றிலும் பாதுகாப்புத் துறையின் நிலம் இருப்பதும், விரிவாக்கம் என்றாலே அந்த நிலத்தைப் பற்றிய பேச்சு எழுவதும் இன்றுவரை தொடர்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு ஏர் சிலோன் யாழ்ப்பாணத்தையும் திருச்சியையும் இணைத்துப் பறந்தது. அதன் இடத்துக்கு ஏர் லங்கா வந்தது. அதுவே இன்றைய ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ். ஆக வெகுகாலம் திருச்சியின் வெளிநாட்டுத் தொடர்பு என்றால் அது கொழும்புதான்.

திசை மாறியது 2008 டிசம்பரில். மலேசியாவின் ஏர் ஏசியா தன் முதல் இந்திய ஊராகச் சென்னையையோ மும்பையையோ எடுக்கவில்லை, திருச்சியை எடுத்தது. காவிரிப் படுகையிலும் புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் வட்டாரத்திலும் மலேசியாவில் உறவு இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இருக்கைகள் நிரம்பும் என்று அந்த நிறுவனம் போட்ட கணக்கு தப்பவில்லை. சிங்கப்பூருக்கு டைகர் ஏர்வேஸ் பறந்தது. அது 2017இல் ஸ்கூட்டோடு இணைந்து அந்தப் பெயரில் தொடர்ந்தது. பல ஆண்டுகளாக இங்கே உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள்தான் அதிகம். இந்தியாவின் நடுத்தர விமான நிலையங்களில் இப்படி இருப்பது அபூர்வம்.

வெளிநாட்டுக் கூட்டம் இப்படி ஏறிய பிறகுதான் கட்டடம் அதைத் துரத்திக்கொண்டு வந்தது. 11,777 சதுர மீட்டர் பரப்பில் ஒரு முனையம் 2009இல் திறந்தது. ‘சர்வதேச விமான நிலையம்’ என்ற தகுதி 2012 அக்டோபரில்தான் கிடைத்தது. சர்வதேச விமானங்கள் அதற்கு முன்பே பல்லாண்டுகளாகப் பறந்துகொண்டிருந்தன. இப்போதைய புதிய முனையத்துக்கு 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் திறந்துவைத்தார். பயணிகள் உள்ளே போக ஜூன் 11 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரசுத் திட்டங்களில் திறப்பு விழா ஒரு தேதி, பயன்பாடு வேறொரு தேதி என்பது புதிதல்ல. ஆனாலும் பழைய முனையம் பிதுங்கி வழிந்துகொண்டிருந்த அந்த ஐந்து மாதமும் மூட்டை முடிச்சோடு அதில் வரிசையில் நின்றவர்கள் கூலி வேலைக்குப் போகும் மக்கள்தான்.

புதிய முனையம்

1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் சுமார் 75,000 சதுர மீட்டருக்குக் கட்டியிருக்கிறார்கள். பழையதைப்போல ஆறு மடங்குக்கும் மேல். ஆண்டுக்கு 44 லட்சம் பேர், நெரிசல் நேரத்தில் மணிக்கு 3,500 பேர் என்பது இதன் திறன். மேல் தளம் புறப்பாட்டுக்கு, கீழ்த் தளம் வருகைக்கு. முகப்பில் கோபுர வடிவம், உள்ளே கோலமும் சுவரோவியங்களும் ஸ்ரீரங்கத்து வண்ணங்களும். ஊர்ப் பெயர்ப் பலகையை எடுத்துவிட்டால் எந்த ஊர் என்றே தெரியாத கண்ணாடிப் பெட்டிகளாக விமான நிலையங்கள் கட்டப்படும் காலத்தில் இது பார்க்க நிறைவாக இருக்கிறது. அலங்காரத்தைக் கடைசியில் கொண்டுவந்து ஒட்டியதுபோல் இல்லாமல், கூரையின் வடிவிலேயே அது இருக்கிறது.

பழைய முனையத்தோடு ஒப்பிட்டால் பெரிய நிம்மதி இடவசதிதான். வளைகுடா விமானம் ஒன்றும் சிங்கப்பூர் விமானம் ஒன்றும் அடுத்தடுத்துக் கிளம்பும் இரவுகளில் செக்-இன் வரிசைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதைப் பழைய கட்டடத்தில் தவிர்க்கவே முடியாது. இப்போது அந்த வரிசைகளுக்குத் தனித்தனி இடம் இருக்கிறது. ஆனால் கட்டடம் பெரிதானதால் நடக்கும் தூரமும் கூடிவிட்டது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களைத் தனியாக அனுப்பினால் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டு வைப்பது நல்லது. அங்கே போய்க் கேட்டால், அதே விமானத்துக்கு முன்பதிவு செய்தவர்களுக்கெல்லாம் கொடுத்த பிறகே முறை வரும்.

விமானம் பெரிதாக இருந்தால், முனையத்தையும் விமான வாசலையும் இணைக்கும் ஏரோபிரிட்ஜ் வழியாக ஏறலாம். ஏ.டி.ஆர். போன்ற சிறிய விமானத்துக்குப் பெரும்பாலும் தரைக்கு இறங்கித்தான் போக வேண்டும். மழைக்காலத்தில் குடையைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்வது

நிலையம் புதுக்கோட்டை சாலையில், டி.வி.எஸ். டோல்கேட்டைத் தாண்டி இருக்கிறது. திருச்சி ஜங்ஷனிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் ஊருக்குள் போய்த் திரும்ப வேண்டியதில்லை. கீரனூர், மாத்தூர் வழியாக வரும் வண்டி ஏர்போர்ட்டைக் கடந்துதான் போகும். ஏறும்போதே ‘ஏர்போர்ட் நிற்குமா’ என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் வழியாக வருகிறவர்கள் டோல்கேட்டில் இறங்கி, புதுக்கோட்டை சாலையில் போகும் டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்கலாம்.

இதில் 2025 ஜூலைக்குப் பிறகு ஒரு மாற்றம். மதுரை சாலையில் பஞ்சப்பூர் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் இயங்கத் தொடங்கியதால், மத்தியப் பேருந்து நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த வெளியூர் பஸ்கள் அங்கே போய்விட்டன. ‘சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஏர்போர்ட் பஸ் பிடி’ என்ற பழைய வழிகாட்டல் எல்லா ஊர் பஸ்ஸுக்கும் இனிப் பொருந்தாது. நள்ளிரவு விமானத்துக்குப் பஞ்சப்பூரில் இறங்கி வருகிறவர்கள் அரை மணி நேரமாவது கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

பஸ் நிறுத்தத்திலிருந்து முனைய வாசலுக்கு உள்ளே கொஞ்ச தூரம் போக வேண்டும். 30 கிலோ அட்டைப்பெட்டியைத் தலையில் வைத்து நடக்கிற தூரமில்லை அது. பெட்டி இருந்தால் ஆட்டோவை மேல்தளப் புறப்பாட்டு வாசல் வரை பேசிக்கொள்ளுங்கள்.

பெட்டி, எடை, கசகசா

திருச்சியில் விமானத்தைத் தவறவிடுகிறவர்கள் பெரும்பாலும் தாமதமாக வந்து தவறவிடுவதில்லை. செக்-இன் கவுன்ட்டர் முன்னால் பெட்டியைப் பிரித்து உட்கார்ந்துதான் நேரத்தை இழக்கிறார்கள். காட்சி எப்போதும் ஒன்றுதான்: நைலான் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி தராசில் 34 கிலோ காட்டும். கயிற்றை அறுத்து, முறுக்கு டப்பாவை வெளியே எடுத்து, அதைக் கைப்பைக்குள் திணித்தால் கைப்பை 7 கிலோவைத் தாண்டும். பெட்டியைத் திரும்ப ஒட்ட டேப் இருக்காது. பின்னால் வரிசை நிற்கும்.

வீட்டிலேயே செய்ய வேண்டியவை எளியவை. தொங்கு தராசு ஒன்று வாங்கி எடை போடுங்கள். அனுமதி 30 கிலோ என்றால் 29இல் நிறுத்துங்கள், தராசுக்குத் தராசு வித்தியாசம் வரும். எடை அனுமதி டிக்கெட்டுக்கு டிக்கெட் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். ஸ்கூட், ஏர் ஏசியா போன்ற நிறுவனங்களின் அடிப்படைக் கட்டணத்தில் செக்-இன் லக்கேஜே சேராது. டிக்கெட்டோடு எடையையும் சேர்த்து வாங்கினால் மலிவு. கவுன்ட்டரில் வாங்கினால் டிக்கெட் விலையில் பாதி போய்விடும். கைப்பைக்கு ஏர் ஏசியா, இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 7 கிலோ, ஸ்கூட் 10 கிலோ. கத்தரியும் டேப்பும் சேர்த்து ஒரு பையில் போட்டு, வழியனுப்ப வருகிறவர் கையில் கொடுத்து வைத்தால் வாசலில் உதவும். டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் உள்ளவர் மட்டுமே உள்ளே போக முடியும் என்பதால், எடை சரிபார்ப்பதெல்லாம் வாசலுக்கு வெளியே முடிய வேண்டும்.

என்ன வைக்கக் கூடாது என்பதில்தான் பெரிய வினை இருக்கிறது. கொப்பரைத் தேங்காயில் எண்ணெய்ப் பசை உண்டு, எளிதில் தீப்பற்றும். அதனால் பெட்டியிலும் சரி கைப்பையிலும் சரி அனுமதி இல்லை. ஊறுகாய், எண்ணெய், நெய் போன்றவை கைப்பையில் போகாது; பெட்டியில் வைப்பதற்கும் சில நிறுவனங்கள் நெய்க்குத் தடை போடுகின்றன. பவர் பேங்க் நேர்மாறு: கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெட்டிக்குள் வைத்துவிட்டால் ஸ்கேனில் தெரிந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்.

கசகசாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் மளிகைக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் சாமான் அது. ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. குருமா மசாலாவுக்கென்று அம்மா கட்டிக்கொடுத்த சின்னப் பொட்டலம் மகனைக் காவல் நிலையம் வரை கொண்டுபோய்விடக்கூடும். சிங்கப்பூருக்கு வாயில் அடக்கும் புகையிலை, பான் மசாலாப் பொட்டலங்கள், சூயிங்கம் எதுவும் கூடாது. டாக்டர் எழுதித் தந்த மாத்திரைகளை அட்டையோடும் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். வலி, இருமல் மருந்துகள் சிலவற்றுக்கு வளைகுடாவில் முன்அனுமதி தேவை.

கவுன்ட்டர்கள் சுமார் மூன்று மணி நேரம் முன்பு திறந்து, பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பு மூடும். சில நிறுவனங்கள் 75 நிமிடத்திலேயே மூடுகின்றன. மலேசியாவுக்கு எம்.டி.ஏ.சி. எனப்படும் டிஜிட்டல் வருகை அட்டையையும், சிங்கப்பூருக்கு எஸ்.ஜி. அரைவல் கார்டையும் போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இரண்டும் இலவசம். பணம் கேட்கும் தளம் என்றால் அது அரசுத் தளம் இல்லை.

இமிகிரேஷனில் நிற்கிறவர்கள்

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் ‘இ.சி.ஆர்.’ வகை. அந்தப் பாஸ்போர்ட்டோடு வேலைக்காக 18 நாடுகளுக்குப் போக, இ-மைகிரேட் தளம் வழியாகக் குடியேற்ற அனுமதி பெற வேண்டும். வளைகுடா நாடுகள் ஆறும் அந்தப் பட்டியலில் உண்டு. மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியாவும் உண்டு. சிங்கப்பூர் இல்லை. பல ஏஜெண்டுகள் இந்த அனுமதிக்கு ஆகும் நாளையும் செலவையும் மிச்சம் பிடிக்க ஆளை விசிட் விசாவில் ஏற்றிவிடப் பார்ப்பார்கள். திருச்சி இமிகிரேஷன் அதிகாரிகளுக்கு இது புதிதில்லை. திரும்பும் டிக்கெட், தங்கும் இடம், கையிலுள்ள பணம் என்று கேள்விகள் வரும். பதில் தடுமாறினால் பயணம் அங்கேயே நின்றுவிடும். டிக்கெட் பணமும் போகும். தப்பிப் போய்விட்டாலும் அங்கே அவருக்கு வேலை ஒப்பந்தமோ காப்பீடோ இருக்காது. முறையாக அனுமதி பெற்றுப் போகும் தொழிலாளிக்கு, பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில் 10 லட்சம் ரூபாய்க் காப்பீடு உண்டு. ஏஜெண்டின் பதிவு எண் உண்மையா என்பதை இ-மைகிரேட் தளத்திலேயே பார்க்கலாம். பணம் கொடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழியுங்கள்.

அடிக்கடி போய்வருகிறவர்களுக்கு நல்ல செய்தி, விரைவு இமிகிரேஷன் திட்டம். எஃப்.டி.ஐ.-டி.டி.பி. என்ற பெயரில் 2025 செப்டம்பர் 11 அன்று திருச்சியிலும் தொடங்கியது. இந்தியக் குடிமக்களும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களும் சேரலாம். இணையத்தில் பதிவு செய்து, ஒப்புதல் வந்த பிறகு விமான நிலையத்திலோ வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்திலோ கைரேகையும் முகப்படமும் கொடுக்க வேண்டும். அதன்பின் தானியங்கிக் கதவில் போர்டிங் பாஸையும் பாஸ்போர்ட்டையும் காட்டிவிட்டுப் போகலாம். ஐந்து ஆண்டு, அல்லது பாஸ்போர்ட் முடியும் நாள், எது முந்தியதோ அதுவரை செல்லும். பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்குள் காலாவதியாவதாக இருந்தால் முதலில் அதைப் புதுப்பித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள், இல்லையென்றால் வேலை இரட்டிப்பு.

திரும்பி வரும்போது கஸ்டம்ஸ். தங்கம் பிடிபட்ட செய்தி திருச்சியிலிருந்து அடிக்கடி வருவதால் சோதனையும் கண்டிப்பாகவே இருக்கும். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவருக்கு ஆணென்றால் 20 கிராம், பெண்ணென்றால் 40 கிராம் நகை வரை தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம். கட்டியாகவோ காசாகவோ கொண்டுவந்தால் இந்தச் சலுகை கிடையாது. மதிப்பு உச்சவரம்பு பற்றிய விதி மாறக்கூடியது, கிளம்பும் முன் சுங்கத்துறைத் தளத்தில் பார்த்துவிடுங்கள். அதிகம் இருந்தால் சிவப்பு வழியில் போய்ச் சொல்லித் தீர்வை கட்டலாம், அது குற்றமில்லை. பச்சை வழியில் போய் மாட்டினால்தான் குற்றம். கல்யாணத்துக்காக நம் ஊர் நகைகளைப் போட்டுக்கொண்டு வெளிநாடு போய்த் திரும்புகிறவர்கள், போகும்போதே கஸ்டம்ஸில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால் வரும்போது வாக்குவாதம் இல்லை. அறிமுகமில்லாத யாராவது ‘இந்தப் பொட்டலத்தை மட்டும் வெளியே கொடுத்துவிடுங்கள்’ என்றால் வாங்கவே கூடாது. ‘குருவி’ என்ற பெயரோடு வழக்கில் சிக்கியவர்களில் எத்தனையோ பேர் ஒரு டிக்கெட் காசுக்கு ஆசைப்பட்ட கூலிக்காரர்கள்.

2,480 மீட்டர்

இனி நிலையத்தின் பெரிய குறைக்கு வருவோம். ஓடுபாதை கிழக்கு மேற்காக, 09/27 என்ற திசையில் அமைந்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் ஆடிக்காற்று மேற்கிலிருந்து வருவதால் அந்தத் திசை சரியான தேர்வு. காற்றை எதிர்த்து இறங்கவும் ஏறவும் வசதி. நீளம்தான் போதவில்லை. கோயம்புத்தூரின் ஓடுபாதை சுமார் 2,990 மீட்டர். 2025 ஜூலையில் புதிய முனையம் திறந்த தூத்துக்குடியில் 3,115 மீட்டர். வெளிநாட்டு விமானமே இல்லாத தூத்துக்குடிக்குக் கிடைத்த நீளம் திருச்சிக்குக் கிடைக்கவில்லை.

நீளம் ஏன் முக்கியம்? வெயில் ஏறினால் காற்றின் அடர்த்தி குறையும். சிறகு தூக்கும் விசையும் எஞ்சின் தள்ளும் விசையும் சேர்ந்தே குறையும். விமானம் தரையை விட்டு எழக் கூடுதல் வேகமும், அந்த வேகத்தைப் பிடிக்கக் கூடுதல் நீளமும் வேண்டும். நீளம் இல்லையென்றால் எடையைக் குறைக்க வேண்டும். எரிபொருளைக் குறைக்க முடியாது, பயணியை இறக்க முடியாது. அதனால் முதலில் இறங்குவது சரக்கு. போயிங் 737, ஏர்பஸ் 320 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்கள் நான்கு மணி நேரப் பயணத்துக்குத் திருச்சியில் தாராளமாக ஏறலாம். முழு எடையோடு பத்து மணி நேரம் பறக்கும் அகன்ற விமானத்துக்கு இந்த நீளம் போதாது. ஐரோப்பாவுக்கு நேர் விமானம் என்று யாராவது வாக்குக் கொடுத்தால், முதலில் ஓடுபாதை நீளுமா என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இங்கே நடந்த இரண்டு சம்பவங்களைப் படித்தால் ஓடுபாதையில் மிச்சம் இருக்கும் இடம் எவ்வளவு முக்கியம் என்று புரியும். 2018 அக்டோபர் 12 நள்ளிரவுக்குப் பின் 136 பேரோடு துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 737, ஓடுபாதை முடிவுக்கு அப்பால் இருந்த, இறங்கும் விமானங்களுக்கு வழிகாட்டும் ஐ.எல்.எஸ். ஆண்டெனாவிலும் சுற்றுச்சுவரிலும் மோதிக்கொண்டே ஏறியது. அடிப்பகுதி கிழிந்த நிலையில் மும்பைக்குத் திருப்பி இறக்கினார்கள், யாருக்கும் காயமில்லை. விசாரணையில் தெரிந்தது இது: வேகம் எடுக்கும்போது விமானியின் இருக்கைச் சாய்வு திடீரென்று பின்னால் சரிந்திருக்கிறது. அந்த உதறலில் எஞ்சின் விசைக் கைப்பிடியும் பின்னுக்கு வந்திருக்கிறது. விசை குறைந்ததை இருவரும் கவனிக்கவில்லை. தவறு ஓடுபாதையினுடையது இல்லை. ஆனால் முன்னால் இன்னும் 600 மீட்டர் இருந்திருந்தால் தாமதமாக எழுந்த அந்த விமானம் சுவரைத் தொட்டிருக்காது.

2024 அக்டோபர் 11 மாலை, 141 பயணிகளோடு ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில், சக்கரத்தையும் பிரேக்கையும் இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு ஏற்பட்டது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் திருச்சி, புதுக்கோட்டை வானத்தில் சுற்றியதைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. பயந்துபோன பலர் ‘ஏன் உடனே இறக்கவில்லை’ என்று கேட்டார்கள். 737 ரகத்தில் எரிபொருளை வானத்தில் கொட்டும் வசதி கிடையாது. எரித்துத்தான் தீர்க்க முடியும். ஏறும்போது 79 டன் வரை இருக்கலாம், இறங்கும்போது 66 டன் அளவுக்குள் இருக்க வேண்டும். நிறுத்தும் அமைப்பில் சந்தேகம் இருக்கும்போது கனத்த விமானத்தைக் குறுகிய ஓடுபாதையில் இறக்குவதைவிடச் சுற்றி எடையைக் குறைப்பதே பாதுகாப்பு. அன்றைக்கு விமானிகள் செய்தது முழுக்கச் சரி.

ஓடுபாதையை நீட்டும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. தடை நிலம்: ஒரு பக்கம் குடியிருப்பும் பட்டா நிலமும், இன்னொரு பக்கம் பாதுகாப்புத் துறை. ஆயிரம் கோடிக்குக் கட்டடம் கட்டுவதைவிட இதுவே கடினமான வேலை. ஆனாலும் வரிசையில் இதுதான் முதலில் நடந்திருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

யார் இறங்கலாம்

துபாய்க்கு எமிரேட்ஸும் ஷார்ஜாவுக்கு ஏர் அரேபியாவும் திருச்சியிலிருந்து ஏன் பறப்பதில்லை என்று பலரும் கேட்கிறார்கள். ஏர் அரேபியா கோயம்புத்தூருக்கு வருகிறது, திருச்சிக்கு வருவதில்லை. காரணம் பயணிகள் குறைவு என்பதில்லை. இரு நாட்டு ஒப்பந்தத்தில் ‘பாயிண்ட் ஆஃப் கால்’ என்று ஒரு பட்டியல் உண்டு. அந்நிய நிறுவனம் அதில் உள்ள ஊர்களில் மட்டுமே இறங்கலாம். வளைகுடா நாடுகளின் பட்டியலில் திருச்சி இல்லை. ஆசியான் (தென்கிழக்காசிய) நாடுகளுக்கும் சார்க் (தெற்காசிய) நாடுகளுக்கும் இந்தியா தாராளமாகத் திறந்துவிட்ட 18 சுற்றுலா ஊர்களின் பட்டியலில் திருச்சி இருக்கிறது. மலேசிய, சிங்கப்பூர், இலங்கை நிறுவனங்கள் சுலபமாக வந்ததும், 2023 நவம்பரில் வியட்ஜெட் ஹோ சி மின் நகரிலிருந்து சேவை தொடங்கியதும் அந்தக் கதவு வழியாகத்தான்.

இதன் விளைவு பயணியின் பையில் தெரியும். கோலாலம்பூருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் போட்டி போடுகின்றன, கட்டணம் கட்டுக்குள் இருக்கிறது. வளைகுடாவுக்கு இந்திய நிறுவனங்கள் மட்டும். ஒரு விமானம் பழுதானால் மாற்று விமானம் வேறு ஊரிலிருந்து வர வேண்டும். விசா முடியும் நாளில் டிக்கெட் போட்டவர்கள் அவதிப்படுவது இதனால்தான். வளைகுடா வேலைக்குத் திரும்புகிறவர்கள் விசா கடைசி நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே பயணத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

உள்நாட்டுச் சேவை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெங்களூரு, ஹைதராபாத், மும்பைக்கு விமானம் நல்ல வசதி. சென்னைக்கு மட்டும் யோசிக்க வேண்டும்: வந்தே பாரத் ரயில் எழும்பூருக்குச் சுமார் நான்கு மணி நேரத்தில் போகிறது. விமானத்தில் ஒரு மணி நேரம்தான் என்றாலும் முன்னும் பின்னும் சேர்த்தால் மிச்சம் சொற்பம். சென்னையில் விமானம் மாறுகிறவர்களுக்கு மட்டும் அது லாபம்.

காய்கறி அனுப்புகிறவர்களுக்கு

காய்கறி, பூ, பழம், வெற்றிலை என்று இங்கிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் போகும் சரக்கு எல்லாம் பயணி விமானத்தின் வயிற்றில்தான் போகிறது. 737இல் பெரிய கண்டெய்னர் ஏற்ற வழியில்லை. பெட்டி பெட்டியாக ஆட்கள் உள்ளே உட்கார்ந்து அடுக்க வேண்டும். பயணிகளின் லக்கேஜ் போக மிஞ்சிய இடமும் எடையும்தான் சரக்குக்கு. விடுமுறைக் காலத்தில் ஒவ்வொருவரும் 30 கிலோ கொண்டுவரும்போது கடைசி நேரத்தில் சரக்கை இறக்கி வைத்துவிடுவார்கள். மல்லிகைக்கு ஒரு நாள் தாமதம் என்றால் முழு நஷ்டம்.

அதனால் ஒருவர் தூக்கி அடுக்கும் அளவில், 15 முதல் 20 கிலோவுக்குள் அட்டைப்பெட்டியாகக் கட்டுங்கள். பெரிய பெட்டிதான் முதலில் இறங்கும். தாவர நலச் சான்றிதழில் உள்ள எடையும் பெட்டி எண்ணிக்கையும் விமானச் சரக்குச் சீட்டோடு ஒத்திருக்க வேண்டும். ஒரு பெட்டி வித்தியாசம் வந்தாலும் மொத்தமும் நிற்கும். பூவையும் கீரையையும் ஒரே விமானத்தில் ஏற்றாமல் இரண்டு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். சரக்கை மாலை வெயிலில் வேனில் காத்திருக்க விடாதீர்கள். குளிர்ப்பதன அறைக்குப் போகும்வரை ஈரச் சாக்கு போர்த்தியே கொண்டுவர வேண்டும்.

யாழ்ப்பாண விமானம்

2025 மார்ச் 30 அன்று இண்டிகோ திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ.டி.ஆர். சேவையைத் தொடங்கியது. போர் அறுத்துப்போட்ட வழித்தடம் திரும்ப வந்திருக்கிறது. திருச்சியில் கிடைக்கும் எல்லாச் சேவையிலும் நாங்கள் அதிகம் பரிந்துரைப்பது இதைத்தான். சுமார் ஒரு மணி நேரப் பயணம். கொழும்பில் இறங்கி ஏழெட்டு மணி நேரம் வடக்கே பஸ்ஸில் போக வேண்டியவர்கள் யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியிலேயே இறங்கலாம். போவதற்கு முன் இலங்கையின் இ.டி.ஏ. எனப்படும் மின்னணுப் பயண அனுமதியை அரசுத் தளத்தில் வாங்கிவிடுங்கள். ஏ.டி.ஆர். விமானத்தில் தலைக்கு மேலுள்ள பெட்டி அறை சிறியது. சக்கரம் வைத்த கைப்பெட்டி அதில் நுழையாது, துணிப்பையாக எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து சிகிச்சைக்கும் கோயில்களுக்கும் திருச்சி வருகிறவர்கள் இந்தியாவுக்கான இ-விசாவில் இங்கே இறங்கலாம். விசாவில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, தகப்பன் பெயர் உட்பட, எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். முதலெழுத்தை மட்டும் போட்டு விண்ணப்பித்தவர்களைத்தான் கவுன்ட்டரில் நிறுத்துகிறார்கள்.